ஏழாம் பக்கத்தில் உள்ள அந்த வரியை எடுத்துவிடுங்கள்

மேற்கு ஆப்பிரிக்காவில் பெனினின் கோட்டோனு, டோகோவின் லோமே, கானாவின் அக்ரா ஊர்களில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும், குறிப்பாகப் புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டிக் குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விடும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் குறிப்பு எனக்கும் வந்து சேர்ந்தது. உருப்படியான வேலை. மலேரியாவுக்கு என்ன செய்வது, மஞ்சள் சட்டை போட்ட செமிஜான் (பைக் டாக்ஸி) ஓட்டுநரிடம் ஏறுவதற்கு முன்பே வாடகை பேசிக்கொள்வது, புளியும் பெருங்காயமும் எங்கே கிடைக்கும் என்பது எல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள். 11 வருடத்துக்கு முன் நான் இங்கே வந்திறங்கியபோது இப்படி ஒன்று கையில் இருந்திருந்தால் முதல் ஆறு மாதம் அவ்வளவு தவித்திருக்க மாட்டேன்.

ஆனால் ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. "வூடூ கோயில்கள் பக்கம் போகாதீர்கள், செய்வினை வைத்துவிடுவார்கள்." அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

அந்த வரி என்ன செய்யும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், முந்திரி சீசன் உச்சத்தில் இருந்த நேரம். நம்மவர்கள் வாடகைக்கு எடுத்த ஒரு குடோன் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண் மேடு இருந்தது. பனை எண்ணெய் ஊற்றி ஊற்றிக் கருத்துப்போயிருக்கும். கண்ணுக்குப் பதில் இரண்டு சோழி. ஊரிலிருந்து வந்து இரண்டு வாரமே ஆன தம்பி ஒருவன், லாரி திரும்ப இடைஞ்சலாக இருக்கிறது என்று ஒரு காலையில் மண்வெட்டியால் அதை வெட்டிச் சாய்த்துவிட்டான். அதுதான் செய்வினைப் பொருள் என்று அவனுக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

மூட்டை தூக்குகிறவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. தோளில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். நான்கு நாள் அந்த குடோனில் ஒரு மூட்டைகூட நகரவில்லை. நான் போய்ப் பேசினேன். அவர்களில் மூத்தவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "வாசலில் இருப்பவரைச் சாய்த்துவிட்டு உள்ளே இருப்பவர்களோடு எப்படிப் பேசுவீர்கள்?"

அந்த மண் மேடு லெக்பா. வீட்டு வாசலிலும் ஊர் எல்லையிலும் முச்சந்தியிலும் இருப்பவர். மனிதர் சொல்வதைத் தெய்வங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. எந்த வோடுனை, அதாவது இங்குள்ள எந்தத் தெய்வத்தைக் கும்பிடப் போனாலும் முதலில் லெக்பாவுக்குக் கொடுக்க வேண்டும். அவரைக் கேட்காமல் எந்த வேண்டுதலும் போய்ச் சேராது. வாசலில் இருப்பவருக்கு முதல் மரியாதை என்பது நமக்குப் புரியாத விஷயமா என்ன? ஒரு சேவல், பனை எண்ணெய், ஒரு பாட்டில் சொதாபி என்கிற பனஞ்சாராயம், அப்புறம் அந்தத் தம்பி வாய்விட்டுச் சொன்ன ஒரு மன்னிப்பு. இவ்வளவுதான் கேட்டார்கள். மேட்டைத் திரும்ப எழுப்பினார்கள். ஐந்தாம் நாள் லாரி நகர்ந்தது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது நாம்.

நண்பர்களே, உங்கள் வரியில் தவறு எங்கே இருக்கிறது என்றால், அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வூடூ என்பது வோடுன் என்ற சொல்லின் திரிபு. இங்குள்ள ஃபோன் என்ற இன மக்களின் மொழியில் வோடுன் என்றால் தெய்வம், கண்ணுக்குத் தெரியாத ஆற்றல். நாம் செய்வினை என்று சொல்வதற்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது: அசே. அதைச் செய்கிறவன் அசேத்தோ. அசேவுக்கு நம்மைவிட அவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அதிலிருந்து காப்பாற்றச் சொல்லித்தான் பலர் வோடுன் கோயிலுக்கே போகிறார்கள். ஆக, காவலுக்குப் போகிற இடத்தைத் திருட்டு நடக்கும் இடம் என்று நாம் எழுதி வைத்திருக்கிறோம்.

பொம்மையில் ஊசி குத்துவதெல்லாம் நமக்கு ஹாலிவுட் கொடுத்தது. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை கரீபியன் தீவு நாடான ஹைட்டியைப் பிடித்து வைத்திருந்தது. அங்குள்ளவர்களின் வழிபாட்டைப் பற்றி அப்போது கிளம்பிய திகில் கதைகள்தான் சினிமாவுக்குப் போயின. அந்த வழிபாடு ஹைட்டிக்குப் போனது எப்படி? இங்கே பெனினில் உள்ள உய்டா நகரத்திலிருந்து கடற்கரைக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் மண் பாதை ஒன்று போகிறது. அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் அந்தக் கரையில்தான் கப்பல் ஏற்றப்பட்டார்கள். உய்டாவிலிருந்து மட்டும் 10 லட்சம் பேருக்கு மேல். பாதை முடியும் இடத்தில் 1995-இல் எழுப்பிய 'திரும்பா வாயில்' நிற்கிறது. அவர்களிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று. தெய்வங்களின் பெயர்களை மட்டும் பிடுங்க முடியவில்லை. இங்கே கடலுக்கு உரிய வோடுன் அக்பே. ஹைட்டியில் கடலுக்கு உரியவர் அக்வே. இங்கே பாம்பு வோடுனின் பெயர் 'தான்', அங்கே 'தம்பாலா'. கைவிலங்கோடு போனவர்கள் நினைவில் வைத்துக் காப்பாற்றிய பெயர்கள் இவை. அதைப் பேய்ப் படம் ஆக்கியவர்களின் சொல்லை நாம் எடுத்துப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

கடலைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். நம்மில் பலருக்கு இந்தக் கரை ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகும் இடம். இங்கே தண்ணீருக்கு ஆட்கள் இருக்கிறார்கள். உய்டாவில் கடல் வோடுனின் தலைமைப் பூசாரிக்கு தாக்போ ஹுனோன் என்று பட்டம். அந்த ஊர் வோடுன் மக்கள் எல்லோருக்கும் அவர் பெரியவர். கானா பக்கம் போனால் செவ்வாய்க்கிழமை கா இன மீனவர்களும் ஃபான்டே இன மீனவர்களும் கடலுக்குப் போவதில்லை. அது கடல் தெய்வத்தின் நாள். அன்று வலை காயும், கிழிசல் தைப்பார்கள், படகு பழுது பார்ப்பார்கள். மீன்வளம் குறைகிறது என்று கானா அரசு நாட்டுப் படகுகளுக்கும் சேர்த்து மீன்பிடித் தடைக்காலம் கொண்டுவந்தது 2019-இல்தான். வாரத்துக்கு ஒரு நாள் கடலை விட்டுவைப்பதை அந்த மக்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே செய்துகொண்டிருந்தார்கள்.

கோட்டோனுவுக்குப் பக்கத்தில் நொக்குவே ஏரியில் கான்வியே இருக்கிறது. நீங்கள் எல்லோரும் படகில் போய்ப் படம் எடுத்திருப்பீர்கள். தண்ணீருக்குள் கால் நட்டு வீடு கட்டிய ஊர். அது ஏன் தண்ணீரில் இருக்கிறது என்று படகுக்காரரைக் கேட்டீர்களா? அடிமை பிடிக்க வந்த, அன்று இங்கே ஆண்ட தகோமே அரசின் வீரர்களுக்குத் தண்ணீருக்குள் போய்ப் போர் செய்வது மத விலக்கு. அதனால் துரத்தப்பட்டவர்கள் ஏரிக்குள் குடியேறினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே சொல்லி வரும் கதை இது. தண்ணீரில் உள்ள தெய்வத்தின் மேல் எதிரிக்கு இருந்த பயமே அந்த மக்களுக்குக் கோட்டைச் சுவர்.

மோனோ ஆறு கடலில் சேரும் பூஷ் து ருவா பக்கம் அலையாத்திக் காடு இருக்கிறது. உப்புக் காய்ச்சவும் மீன் சுடவும் விறகுக்காக வெட்டி வெட்டி அது மெலிந்துபோனது. அப்புறம் ஊர்க்காரர்களும் இயற்கைப் பாதுகாப்புக்காரர்களும் சேர்ந்து, சில பகுதிகளை ஸாங்பெத்தோவின் காவலில் விட்டார்கள். ஸாங்பெத்தோ என்றால் இரவுக் காவலர். வைக்கோல் போர் ஒன்று தானே எழுந்து சுழன்று ஆடுகிற மாதிரி இருக்கும். பெனின் தலைநகர் போர்ட்டோ நோவோ தெருக்களில் பார்த்திருப்பீர்கள். (நம் பரங்கிப்பேட்டைக்கும் போர்த்துகீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோதான். அந்த ஊர்க்காரர் ஒருவர் இங்கே வந்தபோது பெயர்ப் பலகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.) ஸாங்பெத்தோவுக்கு உரியது என்று அடையாளம் வைத்த இடத்தில் அரிவாள் விழுவதில்லை. அரசு அறிவிப்புப் பலகையை விட அந்த அடையாளத்துக்கு மரியாதை அதிகம். 2017-இல் பெனின், டோகோ இரு நாட்டையும் சேர்த்து மோனோ ஆற்றுப் படுகையை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதைக் காத்துக் கொடுத்தவர்களில் இந்த வைக்கோல் காவலருக்கும் பங்கு உண்டு.

இப்போது மாமி வாட்டாவுக்கு வருகிறேன். இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததே அவளால்தான்.

மாமி என்றதும் நம் காதுக்கு வேறு மாதிரி கேட்கும். இது கடற்கரைப் பிட்ஜின் ஆங்கிலம். நீர்த்தாய் என்று வைத்துக்கொள்ளலாம். அழகு, செல்வம், வெளிநாட்டுப் பொருள், கடல் தாண்டி வரும் அதிர்ஷ்டம் எல்லாம் அவள் கையில். நீர்த் தெய்வங்கள் இங்கே பழங்காலத்திலிருந்தே உண்டு. ஆனால் மாமி வாட்டாவுக்கு இன்று நாம் சுவர்களில் பார்க்கும் முகம் வந்த கதை வேறு. 1880-களில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு வண்ணப் படம் அச்சானது. சர்க்கஸ் மாதிரியான காட்சிகளில் பாம்பாட்டியாக வந்த ஒரு பெண். அடர்ந்த நீளத் தலைமுடி, கையில் ஒரு பாம்பு, தோளைச் சுற்றி மேலேறும் இன்னொரு பாம்பு. அந்தப் படம் கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தது. 1901-இல் நைஜர் கழிமுகத்தில் போனி என்ற ஊரில் எடுத்த புகைப்படம் ஒன்றில், அதே பெண்ணை அப்படியே மரத்தில் செதுக்கிய தலைச்சிற்பம் தெரிகிறது. இவர்கள் அந்தப் படத்தில் தங்கள் நீர்த்தெய்வத்தைக் கண்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1955-இல் கானாவின் குமாசி நகர வியாபாரிகள் இந்தப் படத்தை பம்பாய்க்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்ரீராம் காலண்டர் கம்பெனி அதை 12,000 பிரதி அச்சடித்துத் திருப்பி அனுப்பியது. அந்தக் காலத்தில் இந்திய அச்சகங்களின் சாமிப் படங்களும் இந்தக் கரைச் சந்தைகளுக்கு வந்துகொண்டிருந்தன. இந்திய வியாபாரிகள் கல்லாவுக்கு மேலே படம் மாட்டி, ஊதுபத்தி ஏற்றி, கும்பிட்ட பிறகு கடை திறப்பதை இங்குள்ளவர்கள் கவனித்துப் பார்த்தார்கள். கடல் தாண்டி வந்தவர்கள், தண்ணீரிலும் தாமரையிலும் நிற்கும் பெண் தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள், கையில் காசு இருக்கிறது. பொருத்திப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? இன்று டோகோ, பெனின் கரையில் மாமி வாட்டா கோயில்களில் லட்சுமியும் சிவனும் அனுமாரும் இருக்கிறார்கள். இந்தியா என்ற சொல்லே அங்கே கடலுக்கு அடியில் உள்ள ஒரு செல்வ உலகத்தைக் குறிக்கிறது.

கிராண்ட் போப்போ பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கும் அப்படி ஒரு கோயிலுக்கு முதலில் என்னைக் கூட்டிப்போனது எங்கள் டிரைவர். வெளிச் சுவரில் நீலம் அடித்து, மீன் வால் உள்ள பெண்ணை வரைந்திருந்தார்கள். மேலே மூங்கிலில் வெள்ளைக் கொடி. வாசலில் குருத்தோலையைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே வெள்ளைத் துணி விரித்த மேடை. கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, சென்ட் பாட்டில்கள், கலர் பாட்டில்கள். நடுவில் பிளாஸ்டிக் பூ சுற்றிய சட்டத்துக்குள் நம் லட்சுமி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டை விட்டு அத்தனை தூரத்தில் அந்த முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் கலங்கியிருக்கும்.

அந்தப் பூசாரி அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் இந்தியா என்று தெரிந்ததும் படத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். கையிலிருந்து காசு விழுகிறதே, அவள் கொடுக்கிறாளா, இல்லை கடனை அடைக்கிறாளா? இரண்டு கைகள் தாமரையைப் பிடித்திருப்பது எதற்கு? பின்னால் நிற்கும் யானைகள் ஆணா பெண்ணா? நான் 40 வருடமாகப் பார்த்த படம். அவர் கேட்டபோதுதான் அந்தக் கைகளை உண்மையாகவே பார்த்தேன். தெரிந்ததைச் சொன்னேன். பாதிக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. அடுத்து இன்னொரு படத்தைக் காட்டினார். மூன்று முகம், ஆறு கை, காலடியில் நாய்கள், பின்னால் ஒரு பசு. தத்தாத்ரேயர் என்று வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டுத்தான் சொல்ல முடிந்தது. அவருக்கு அது டென்சு. கானாவில் ஓடும் டென்சு ஆற்றின் பெயரைத் தாங்கிய மூன்று தலை நீர்த்தெய்வம்.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது இதைத்தான். அவர்கள் நம் படத்தில் ஒரு விரல் விடாமல் பார்த்து, இது எதற்கு என்று யோசித்து, மேடையில் வைத்து, தினமும் பூ வைக்கிறார்கள். நாம் அவர்கள் கோயிலைக் கடக்கும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறோம்.

எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. கானா, டோகோ எல்லைப் பக்கம் எவே மக்களின் சில கோயில்களில் த்ரோகோசி என்று ஒரு வழக்கம் இருந்தது. குடும்பத்தில் யாரோ செய்த குற்றத்துக்காகச் சின்னப் பெண்ணைக் கோயிலுக்கு ஒப்படைப்பது. கொடுமை அது. 1998-இல் கானா அதைச் சட்டப்படி குற்றமாக்கியது. அதை எதிர்த்தவர்களில் அந்த மக்களும் இருந்தார்கள். அதைப் பற்றி எழுத வேண்டும் என்றால் பெயர் சொல்லி எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரியில் எல்லாக் கோயிலையும் செய்வினை என்று மூடுவது அந்தப் பெண்களுக்கும் உதவாது.

இன்னொரு வாதமும் கேட்டிருக்கிறேன்: இங்குள்ள படித்தவர்களே இதை விட்டுவிட்டார்கள், நமக்கு எதற்கு? அப்படி இல்லை. எழுபதுகளில் பெனினை ஆண்ட கெரேகுவின் ஆட்சி இதைப் பிற்போக்கு என்று ஒடுக்கிப் பார்த்தது. ஒழியவில்லை. 1993-இல் போப் இரண்டாம் ஜான் பால் கோட்டோனு வந்தபோது வோடுன் பூசாரிகளைச் சந்தித்துப் பேசினார். உய்டாவில் மலைப்பாம்புக் கோயிலும் கத்தோலிக்கப் பசிலிக்காவும் எதிரெதிரே நிற்கின்றன. 2013 பெனின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வோடுன் என்று மதம் சொன்னவர்கள் 11.6 சதவீதம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு மற்ற நாள் பாட்டி வீட்டு வோடுனுக்குப் பனை எண்ணெய் ஊற்றும் குடும்பங்கள் என் அலுவலகத்திலேயே இருக்கின்றன. ஜனவரியில் வோடுன் விழாவுக்கு இந்த நாட்டில் அரசு விடுமுறை. அன்று நாம் வீட்டில் படம் பார்க்கிறோம்.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "வாசலிலோ முச்சந்தியிலோ எண்ணெய் ஊற்றிய மண் மேடு இருந்தால் அது லெக்பா, தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். வெள்ளைக் கொடியோ குருத்தோலைத் தோரணமோ இருந்தால் அது கோயில், அழைத்தால் மட்டும் உள்ளே போங்கள், செருப்பைக் கழற்றுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இரவில் ஸாங்பெத்தோ வந்தால் வழிவிட்டு ஒதுங்குங்கள். குடோனோ வீடோ கட்டும் இடத்தில் பழைய மரமோ மேடோ இருந்தால், வெட்டும் முன் ஊர்ப் பெரியவரிடம் கேளுங்கள்." 2024 ஏப்ரல் முதல் தோல் உரிக்காத பச்சை முந்திரிக் கொட்டையை ஏற்றுமதி செய்ய பெனினில் தடை. தோல் உரிப்பதும் இங்கேயே என்றான பிறகு நம்மவர்கள் இன்னும் அதிகமாக, இன்னும் நீண்ட காலத்துக்கு வரப்போகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு வரட்டும்.

அப்புறம், ஜனவரி வோடுன் விழாவுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்யுங்கள். உய்டாவில் 2024 முதல் வோடுன் நாட்கள் என்று பெரிய மேடை போட்டு நடத்துகிறார்கள், கூட்டம் நெரிகிறது. என்னைக் கேட்டால் கிராண்ட் போப்போவுக்குப் போகலாம். கடலோரத்தில், அலைக்குப் பக்கத்தில், எல்லோரும் வெள்ளை உடுத்தி நிற்பதை அருகிலிருந்து பார்க்கலாம். வழியை நான் காட்டுகிறேன்.

தள்ளிப்போடாதீர்கள் என்று கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் கரையில் மணல் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1968-இல் லோமே துறைமுகம் வந்தபோது அந்த ஓட்டம் தடைப்பட்டது. 1987-இல் மோனோவின் மேல் நங்பெத்தோ அணை வந்து ஆற்று மணலையும் பிடித்து வைத்துக்கொண்டது. டோகோவின் அனேஹோ முதல் பெனினின் கிராண்ட் போப்போ வரை கடல் ஊரைத் தின்றுகொண்டு வருகிறது. நான் முதலில் போனபோது அந்த அம்மாவின் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே மூன்று வரிசைத் தென்னை நின்றது. போன மாதம் ஒரு வரிசைதான் இருந்தது. கோயிலை உள்ளே தள்ளிக் கட்ட இடம் பார்த்திருக்கிறார்கள்.

போன முறை கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்து ஒன்று கேட்டார். லட்சுமி படம் உப்புக் காற்றில் வெளுத்துவிட்டது, முகம் தெரியவில்லை, புதுக் கோயிலுக்குப் புதுப் படம் வேண்டும் என்றார். டிசம்பரில் ஊருக்குப் போய்வரும் யாராவது சிவகாசியில் அச்சடித்த பெரிய படம் ஒன்று கொண்டுவாருங்கள். நின்றகோலம், கையிலிருந்து காசு விழுவது தெளிவாகத் தெரிய வேண்டும். மடிக்காமல், குழாயில் சுருட்டிக் கொண்டுவாருங்கள். காசு நான் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
கோட்டோனுவில் முந்திரித் தரம் பார்க்கும் உங்களில் ஒருவன்